ஆறடி மஞ்சள்

பிப்ரவரி 3, திங்கள்

வேலை: வீட்டை அளந்தது. பொருள்: டேப் ஒன்று, சாக்பீஸ் ஒன்று. ஆட்கள்: நான் மட்டும்.

சவூதியில், தம்மாமில் சைட் டைரி எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போர்மேன் வைரக்கண்ணு, அதாவது நான், ஒரு நாள் எழுதாவிட்டால் அங்கே என்ஜினீயர் குதிப்பார். இங்கே குதிக்க ஆளில்லை. இருந்தாலும் எழுதினால்தான் அன்றைக்கு ஏதோ செய்தது போல இருக்கிறது.

கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவை மூடிவிட்டார்கள். பெயிண்ட், டைல்ஸ், ஜிப்சம் தடுப்பு என்று ஊரார் வீட்டை அழகு பண்ணிக்கொண்டிருந்த எங்கள் கூட்டம் ஆளுக்கொரு திசையாகக் கலைந்தது. போதும், இனி குடும்பத்தோடு இருந்துவிடலாம் என்று அறந்தாங்கிக்கு வந்தேன். வந்து பார்த்தால் இந்த வீட்டில் எனக்கு உட்கார ஓர் இடம் இல்லை. கதவோரம் நாற்காலி போட்டால் அது என் மனைவி தமயந்தி பால் சொசைட்டிக்கு வேலைக்குப் போகிற வழி. ஜன்னலோரம் போட்டால் அது மகள் இலக்கியா படிக்கிற இடம். ப்ளஸ் டூ பரீட்சை வருகிறது, அவளை ஒன்றும் சொல்ல முடியாது. "கொஞ்சம் நகர்ந்துக்கங்க" என்று இருவரும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். அந்த மரியாதைதான் உறுத்துகிறது. விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை அது.

கூடம் பத்தடிக்குப் பதினாறடி. ஒட்டினாற்போல் அடுப்படி, பின்னால் குளியலறை. இவ்வளவுதான் வீடு. உட்காருவது, படிப்பது, படுப்பது எல்லாம் கூடத்தில்தான். கடைசியாக நான் லீவில் வந்தது கஜா புயலுக்கு முந்தைய சித்திரையில். பிறகு கொரோனா, பிறகு இகாமா என்கிற தங்கும் அனுமதியில் தகராறு என்று வரவே முடியவில்லை. இந்த வருஷங்கள் முழுக்க வீடியோ காலில் நான் பார்த்தது தமயந்தியும் இலக்கியாவும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு மஞ்சள் சுவரை. கூடம் முழுக்க அந்த நிறம் என்று நினைத்திருந்தேன். இல்லை. கிழக்குச் சுவரின் நடுவில் ஆறடி அகலத்துக்கு, ஐந்தடி உயரத்துக்கு மட்டும் மஞ்சள். அதற்கு மேலேயும் இரண்டு பக்கமும் பழைய சுண்ணாம்பு உரிந்து நிற்கிறது. யாரோ கத்துக்குட்டி அடித்திருக்கிறான். பிரஷ் முடி இரண்டு சுவரிலேயே ஒட்டிக் காய்ந்திருக்கிறது. பெயிண்ட் தீர்ந்ததும் ஓடிவிட்டான் போல.

சாயங்காலம் சாகுல் பாய் பேசினார். என்னோடு வேலை பார்த்தவர், இப்போது அங்கேயே வேறு கம்பெனியில் இருக்கிறார். எனக்கு ஒரு விசா பிடித்து வைத்திருக்கிறாராம். மாதக் கடைசிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். யோசிக்கிறேன் என்றேன். தமயந்தி காதில் விழுந்திருக்கும். 

பிப்ரவரி 4, செவ்வாய்

வேலை: பிளான் போட்டது.

சின்ன வீட்டில் குறுக்குச் சுவர் எழுப்பினால் வீடு செத்துப் போகும். தம்மாமில் ஒற்றை அறை ஃபிளாட்டுகளில் நாங்கள் செய்தது வேறு வேலை. நிறம் மாறுகிற இடத்தில் கண் நின்றுவிடும். தரை மாறுகிற இடத்தில் கால் நின்றுவிடும். கண்ணும் காலும் நின்றால் அங்கே ஓர் அறை முடிந்தது என்று அர்த்தம். செங்கல் வேண்டாம், கதவு வேண்டாம்.

கதவை ஒட்டிய பகுதிக்கு மோர் வெள்ளை, வெளிச்சத்தை உள்ளே இழுக்கும். நடுவில் இலக்கியா படிக்க வெளிறிய பச்சை, கீழே தேங்காய் நார்ப் பாய். கடைசியில் படுக்கிற பகுதி. அங்கே தெற்குச் சுவருக்கு மட்டும் சாம்பல் கலந்த நீலம். கடைசிச் சுவர் இருட்டாக இருந்தால் கூடம் நீளமாகத் தெரியும். கீழே மர நிற வினைல் விரிப்பு. அடுப்படி வாசலில் கறுப்பாகக் கடப்பாக் கல் ஒரு வரி. எனக்கு ஓர் இடம் படுக்கிற பகுதியின் மூலையில் வரும்.

சாப்பிடும்போது இரண்டு பேருக்கும் விளக்கினேன். தமயந்தி "உங்க இஷ்டம்" என்றாள். இலக்கியா மட்டும் ஒன்று கேட்டாள். நான் தங்கியிருந்த அறையில் என் பின்னால் பூப்போட்ட பேப்பர் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி அவள் படிக்கிற பக்கம் ஒட்டித் தர முடியுமா என்று. அது இங்கே கிடைக்காது என்று சொல்லிவிட்டேன்.

கிடைக்கும். புதுக்கோட்டையிலேயே கிடைக்கும். அந்தப் பேச்சு வேண்டாம் என்றுதான்.

பிப்ரவரி 5, புதன்

சாமான் வாங்கினேன். மோர் வெள்ளை கேட்டால் கடைக்காரப் பையன் பால் வெள்ளையைக் கலக்குகிறான். நின்று கலக்க வைத்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வேலை: அடுப்படிச் சுவரில் உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டியது.

சுவரைச் சுரண்டினால் வீட்டின் கதை வெளியே வரும். அடுப்படியின் மேற்குச் சுவர் இடுப்பு உயரம் வரைக்கும் எங்கள் அப்பா காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் கலவை. அதற்கு மேல் முழுக்கப் புதுச் செங்கல், சிமெண்ட். கூரையில் ஓடும் பாதி புதுசு. இந்தச் சுவர் ஒரு தடவை இடிந்து விழுந்து திரும்பக் கட்டியது. எனக்குத் தெரியாது.

பால் சொசைட்டியிலிருந்து தமயந்தி வந்ததும் கேட்டேன். கை கழுவிக்கொண்டே சொன்னாள். கஜா புயலில் பக்கத்து வீட்டுத் தென்னை அடுப்படி மேல் சாய்ந்துவிட்டதாம். கூடத்துத் தளமும் ஒழுகி, மூன்று பக்கச் சுவரும் ஊறிப் போய்விட்டதாம். கிழக்குச் சுவர் ஒன்றுதான் காய்ந்து கிடந்ததாம். இருவரும் அதை ஒட்டித்தான் பாயைப் போட்டுக் கிடந்திருக்கிறார்கள்.

புயலுக்குப் பிறகு கரண்டும் டவரும் வந்து முதல் வீடியோ காலில் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க, பாருங்க, பெயிண்டே அடிச்சாச்சு" என்று சிரித்தாள். பின்னால் மஞ்சள் சுவர். நானும் கேம்ப்பில் எல்லோரிடமும் எங்கள் ஊருக்கு அடி, எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒன்றுமில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோபம்தான் வந்தது. சொந்த வீட்டின் சுவர் விழுந்தது தெரியாமல் அடுத்தவன் வீட்டுச் சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க, அங்க உக்காந்து அழுதிருப்பீங்க" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. 

பிப்ரவரி 9, ஞாயிறு

பட்டி, முதல் கை. விரிசல் எல்லாவற்றையும் வெட்டித் திறந்து அடைத்தேன். தமயந்தியைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன், எது தண்ணீரால் வந்தது, எது பாரத்தால் வந்தது என்று. பாதியில் உலை வைத்திருக்கிறேன் என்று போய்விட்டாள். அடுப்பில் உலை இல்லை.

தலையில் எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள், புழுதியில் முடி காய்கிறது என்று கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றேன். தலையணை உறை கெட்டுப்போகும் என்று அங்கே விட்ட பழக்கம். உறை மாற்ற அங்கே இன்னொன்று கிடையாது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 10, திங்கள்

வேலை: கிழக்குச் சுவர், மேற்குச் சுவர் தேய்த்தது.

மேற்குச் சுவரில் ஜன்னலுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக வருகிற உயரத்தில் ஒரு பலகைத் துண்டு அடித்திருந்தது. ஒரு முழம் நீளம், இரண்டு ஆணி, ஒரு ரப்பர் பேண்ட். சாமி பலகை என்றால் மேலே இருக்க வேண்டும், புத்தகப் பலகை என்றால் பெரிதாக இருக்க வேண்டும். எதற்கும் உதவாத பலகை. தட்டி எடுத்துவிட்டேன். பெயிண்ட் கலக்க வாகாக இருந்தது.

கிழக்குச் சுவர் மஞ்சள்தான் கழுத்தை அறுத்தது. முழுக்க எண்ணெய்க் கறை. அகலமாக ஒன்று, அதற்குப் பக்கத்தில் சின்னதும் பெரிதுமாக ஏணிப்படி மாதிரி கீழிருந்து மேலே ஏறிப் போகிறது. எண்ணெய் மேல் தண்ணீர்ப் பெயிண்ட் நிற்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, கறையை அடக்குகிற பிரைமர் ஒரு கை அடித்தேன். இரண்டு கை அடிக்க வேண்டும். பிரைமர் தீர்ந்துவிட்டது, கடை அடைத்துவிட்டான். போதும் என்று விட்டேன்.

இலக்கியா பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள். மஞ்சள் போய் வெள்ளைப் பிரைமர் வந்திருந்தது. பாதி வேலையில் எல்லாச் சுவரும் அசிங்கமாகத்தான் இருக்கும், முடிந்தபின் பார் என்றேன். பையை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தாள்.

பிப்ரவரி 12, புதன்

பச்சை, இரண்டாம் கை. கிழக்குச் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், வேறு யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

வேலை: வினைல் விரித்தது, கடப்பாக் கல் பதித்தது, ஃபிரிட்ஜை நகர்த்தியது.

கிழக்குச் சுவரின் நடுவில் அவ்வளவு இடத்தை ஏன் சும்மா விட்டிருந்தார்கள் என்று தெரியவில்லை. இத்தனை சின்ன வீட்டில் ஒரு கொடி இல்லை, ஒரு மூட்டை இல்லை, ஒரு குடம்கூட அங்கே இருந்ததில்லை. மற்ற இடமெல்லாம் அடைசல். ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினேன். ஓரத்தில் இலக்கியாவின் மேஜை. இப்போது அடுப்படியில் தாராளமாக நடமாடலாம்.

கூடம் நன்றாக வந்திருக்கிறது. கதவில் நின்று பார்த்தால் மூன்று அறை தெரிகிறது, சுவர் ஒன்றுகூட இல்லை. தமயந்தி வினைலை மிதிக்காமல் ஓரமாகவே நடக்கிறாள். இலக்கியா மேஜையில் உட்காருவதில்லை, அடுப்படித் தரையில் படிக்கிறாள். ராத்திரி இருவரும் அங்கேயே தட்டை வைத்துச் சாப்பிடுகிறார்கள். எனக்குக் கூடத்தில் பரிமாறுகிறார்கள்.

என் கையால் மூன்று அறை செய்து கொடுத்தேன். இரண்டு பேரும் நாலாவதாக ஓர் அறையைக் கண்டுபிடித்து அதில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு அழுகை வராது. சாப்பிட்ட தட்டை நானே கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

தெற்கு மூலையில் என் மடக்குக் கட்டிலைப் போட்டேன். மேலே கம்பி இழுத்துப் பச்சைத் திரை ஒன்று மாட்டினேன். கொசுவுக்கு என்று சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால் திறந்த கூடத்தில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. திரையை இழுத்துவிட்டதும் வந்துவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

தமயந்தி காலையில் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சாகுல் அண்ணனுக்கு எப்ப பதில் சொல்லணும்?" என்று கேட்டாள்.

மாதக் கடைசிக்குள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் துணி ஊறவைக்கப் போனாள். மத்தியானமும் கேட்டாள், சொல்லியாச்சா என்று.

அப்படியென்றால் நான் போவதுதான் அவளுக்கு வசதி. எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனால் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? இந்த வீடு இரண்டு பேருக்கு என்று பழகிவிட்டது. மூன்றாவது ஆளுக்கு என்ன நிறம் அடித்தாலும் இடம் வராது. சாகுலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்றே தோன்றுகிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

கிழக்குச் சுவரில் கறை வந்துவிட்டது. பச்சையின் அடியிலிருந்து மங்கலாக, பழுப்பாக. ஃபிரிட்ஜுக்கு வலது பக்கம் அகலமானது பாதி தெரிகிறது, இடது பக்கம் ஏணிப்படி. என் வேலையில் இப்படி வந்ததே கிடையாது. ஒரு கை பிரைமரோடு விட்டதன் பலன். மெனக்கெட்டு ஃபிரிட்ஜை நகர்த்தி, அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பிரைமர் வைத்து, மறுபடி பச்சை அடித்தேன்.

பிப்ரவரி 19, புதன்

சாகுல் பாய் மெசேஜ்: 'முடிவு என்ன?' நாளைக்குச் சொல்கிறேன் என்று போட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் பார்த்தால் கறை திரும்ப வந்திருந்தது. எரிச்சல் தாங்கவில்லை. பூச்சையே வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிவிடலாம் என்று உளியும் சுத்தியலும் எடுத்தேன். தமயந்தி வேலைக்குப் போயிருந்தாள். இலக்கியாவுக்குப் படிப்பு லீவு. அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவள் சுவருக்கும் எனக்கும் நடுவில் நின்றாள்.

"வெட்டாதீங்கப்பா."

"கறை வருதும்மா. வெட்டுனாதான் போகும்."

"அது கறை இல்லப்பா. எங்க தலை."

புரியவில்லை எனக்கு. அவள் விரலை வைத்துக் காட்டினாள். அகலமாக இருப்பது அம்மா. ஏணிப்படி மாதிரி ஏறுவதெல்லாம் அவள். ஆறாம் வகுப்பில் இது, எட்டாம் வகுப்பில் இது, கடைசியாக இது. தினம் ராத்திரி சாப்பிட்டுவிட்டு இருவரும் இந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் என்னோடு பேசுவார்கள். எண்ணெய் வைத்த தலை.

பிறகு அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். புயலுக்குப் பிறகு வெறும் சுண்ணாம்புச் சுவரில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டால் முகம் கறுப்பாகத் தெரிந்ததாம். அங்கன்வாடிக்கு அடித்து மிஞ்சிய மஞ்சளைக் கேட்டு வாங்கி வந்து அம்மாதான் அடித்தாளாம். போனில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டும். ஒருத்தி போனைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி சாக்பீஸால் கோடு போட்டாளாம்.

"அந்த இடத்துக்கு அப்பா ரூம்னு பேரு. அங்க பை வச்சா அம்மா திட்டும், துணி போட்டா திட்டும். அப்பா பாப்பாங்கன்னு சொல்லும்."

கத்துக்குட்டி என்று நான் எழுதியது தமயந்தியை. சுவரில் ஒட்டிக் காய்ந்திருந்த பிரஷ் முடி இரண்டையும் நான்தான் நகத்தால் பிய்த்துப் போட்டேன்.

"அந்தப் பலகை எங்கப்பா?" என்று கேட்டாள். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அதுலதான் நீங்க இருப்பீங்க."

கொல்லையில் போய் எடுத்து வந்தேன். பெயிண்ட் டப்பாவுக்குள் நின்றது. பாதி பச்சை, பாதி வெள்ளை, கல்லாய் இறுகிவிட்டது. அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அழுதிருந்தால் பரவாயில்லை.

இந்த வீட்டில் எனக்கு இடம் இல்லை என்று முதல் நாளே எழுதினேன். இருந்தது. ஆறடி அகலத்துக்கு, ஐந்தடி உயரத்துக்கு, ஒரு குடம்கூட வைக்காமல் ஆறு வருஷம் காப்பாற்றி வைத்திருந்தார்கள். எனக்கு இடம் தேடுகிறேன் என்று அதைத்தான் முதலில் அழித்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

நேற்று தமயந்தி வந்ததும் நான் கொல்லைக்குப் போய்விட்டேன். இன்று அவளே பேசினாள், காய் நறுக்கிக்கொண்டே. என்னைப் பார்க்கவில்லை.

"பாப்பா சொன்னா. விடுங்க, சுவருதானே. எனக்கு அது மட்டும் இல்ல. நீங்க ஒவ்வொரு விரிசலா கூப்புட்டுக் கூப்புட்டுக் காட்டுனீங்க. இத்தன வருசமா வீட்ட நான் ஒழுங்கா பாக்கலன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. நல்லா வச்சிருந்தது அந்த ஒரு இடந்தான். அதத்தான் உங்களுக்குக் காட்டுனேன். மிச்சத்தப் பாக்காம இருந்தீங்க. இப்ப எல்லாத்தையும் பாக்குறீங்க, எனக்குக் கூச்சமா இருக்கு."

நான் காட்டியது என் வேலைச் சாமர்த்தியத்தை. அவளுக்குக் கேட்டது குற்றப் பத்திரிகை. விரிசல் எப்படி வந்தது என்று விளக்கத் தெரிந்த எனக்கு, அந்த வீட்டை நிற்க வைத்தவள் பக்கத்தில் நிற்கிறாள் என்பது தெரியவில்லை.

சாகுல் விஷயத்தை ஏன் திரும்பத் திரும்பக் கேட்டாய் என்றேன். கத்தி நின்றது. "திரையப் போட்டுப் படுத்தப்பவே தெரிஞ்சு போச்சு, நீங்க இங்க இல்லன்னு. போறதுன்னா சீக்கிரம் சொல்லிட்டா மனசத் தேத்திக்கலாம்ல" என்றாள்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஃபிரிட்ஜைத் திரும்ப அடுப்படிக்கு நகர்த்தினேன். இரண்டு பேர் வேலை. முதுகு பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அவள் ஒரு சுவரைக் காட்டினாள் என்றால் நான் மட்டும் என்ன முழுசாகவா காட்டினேன்?

மத்தியானம் சாப்பிட்டதும் இருவரையும் கூடத்தில் உட்காரச் சொன்னேன். பூப்போட்ட பேப்பர் அறை என்று ஒன்று இல்லை என்று சொன்னேன். அது சாம்பிள் போர்டு. ஃபிளாட் பார்க்க வருகிறவர்களிடம் காட்டுவதற்கு பேப்பர் ஒட்டி வைக்கிற பலகை, இரண்டடிக்கு மூன்றடி. வேலை முடிந்து தூக்கிப் போட்டதை எடுத்து வந்து என் கட்டில் கம்பியில் கட்டி வைத்திருந்தேன், வீடியோ காலில் என் பின்னால் அது தெரிய வேண்டும் என்று. கால் முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

இலக்கியா நம்பவில்லை. "அப்ப ரூம் எவ்ளோ பெருசுப்பா?" என்றாள்.

 நார்ப் பாயைச் சுருட்டிவிட்டு, சாக்பீஸ் எடுத்து, பழைய சிவப்புத் தரையில் ஆறடிக்கு இரண்டரையடி அளந்து கோடு போட்டேன். சுற்றிலும் பச்சைத் திரை, மேலே இன்னொரு கட்டில், அதில் ஒரு நேபாளத்துக்காரர், எதிரில் இதே மாதிரி நாலு என்றேன். அவள் எழுந்து வந்து கோட்டுக்குள் மல்லாந்து படுத்தாள். முழங்கை இரண்டும் கோட்டுக்கு வெளியே விழுந்தன. இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

"உக்காந்தா மேல இடிக்காதா?" என்று கேட்டாள் தமயந்தி.

"இடிக்கும்."

"அப்ப எங்ககூடப் பேசுறப்ப?"

"குனிஞ்சுதான் உக்காந்திருப்பேன்."

"முதுகு வலிக்குதான்னு கேப்பேன்ல. இல்லன்னு சொல்லுவீங்க."

 அவள் எழுந்து அடுப்படிக்குப் போகவில்லை. மூன்று பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். என் மூன்று அறைகளில் எதிலும் இல்லை, நடுவில் வெறும் தரையில்.

பிப்ரவரி 24, திங்கள்

வேலை: பலகை அடித்தது. பொருள்: ஆணி இரண்டு, ரப்பர் பேண்ட் ஒன்று.

காலையில் சத்தம் கேட்டுத் திரையை விலக்கினேன். தமயந்தி வேலைக்குக் கிளம்பும் சேலையோடு முட்டி போட்டு அந்தக் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய சிமெண்டுத் தரை, சாக்பீஸ் லேசில் விடாது. துணியை அலசிக்கொண்டு வந்து மறுபடி துடைத்தாள். தலைமாட்டுக் கோட்டைக் கடைசியாகத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"சாகுல் அண்ணன்கிட்ட இன்னைக்குச் சொல்லிருங்க" என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளும் சத்தம் கேட்டது.

திரையைக் கழற்றினேன். அது இல்லாமல் தூக்கம் வருமா என்று தெரியாது. ஊரில் என்ன வேலை கிடைக்கும், ஐம்பதை நெருங்குகிறவனை யார் சாரத்தில் ஏற்றுவார்கள், அதுவும் தெரியாது.  பெயிண்ட் ஒட்டிய அந்தப் பலகையை அப்படியே எடுத்து மேற்குச் சுவரில் பழைய ஓட்டையிலேயே அடித்தேன். அதில் போனை ரப்பர் பேண்டால் நிறுத்திவிட்டு, எதிர்ப் பக்கம் போய்க் கிழக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் நான் உட்காருவது இதுதான் முதல் தடவை. பலகை மிகவும் சின்னதாகத் தெரிந்தது.

சாகுல் பாயை வீடியோ காலில் கூப்பிட்டு, வரவில்லை என்று சொன்னேன். அவரும் ஃபினிஷிங்காரர்தானே, கண் சுவருக்குப் போய்விட்டது.

"பின்னாடி கறை தெரியுதே வைரா. பிரைமர் போடலையா?"

"போட்டேன் பாய். இருக்கட்டும்."

பேசி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அகலமான கறைக்குப் பக்கத்தில் தலையை நன்றாகச் சாய்த்துக்கொண்டேன். காலையில் தமயந்தி வைத்துவிட்டுப் போன கிண்ணத்திலிருந்து எண்ணெய் வைத்திருந்தேன்.